நல்லா இருக்குற பிள்ளைக்கு எதுக்குத் திரி?

மயக்க மருந்துக்குப் படித்த டாக்டர் என்று சொன்னால் எங்கள் சொந்தத்தில் பாதிப் பேருக்கு இன்றைக்கும் நான் அரை டாக்டர்தான். சின்னமனூரில் ஒரு கல்யாணப் பந்தியில் என் பெரியப்பா, "ஆபரேசன் பண்றது வேற ஆளு. நீ ஊசியப் போட்டுத் தூங்க வச்சுட்டு உக்காந்திருப்ப, அம்புட்டுத்தானே?" என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு ரசத்துக்குக் கை நீட்டினேன். அந்தப் படிப்பின்போது நான் செய்த ஆராய்ச்சியை அவரிடம் எங்கே போய்ச் சொல்ல? நோய் நொடி இல்லாத பிள்ளைகளின் தோலுக்கடியில் நைலான் நூலைக் கோத்து வைத்து, அதில் ஊறும் ஈரத்தைப் பிழிந்து அளந்தேன். சொல்லியிருந்தால் பாயசம் வருவதற்குள் பெரியப்பா எழுந்து கை கழுவப் போயிருப்பார்.

நான் மேற்படிப்புப் படித்தது பள்ளத்தாக்கில், கம்பம் போகிற ரோட்டில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். ஜன்னலைத் திறந்தால் ஒரு பக்கம் வாழைத் தோப்பு, மறுபக்கம் மலை. எங்கள் துறைத் தலைவர் பல வருடம் வெளிநாட்டில் வேலை பார்த்தவர். அங்கிருந்து திரும்புகிறவர்கள் டிவி, சென்ட் பாட்டில், கம்பளி என்று கொண்டு வருவார்கள். எங்கள் சார் கொண்டு வந்தது ஒரு ஆஸ்மோமீட்டர், புரதம் கலந்த நீர் தண்ணீரை எவ்வளவு இழுக்கும் என்று அளக்கிற கருவி. பழைய ரேடியோப் பெட்டி அளவில் இருக்கும். அதைத் தன் அறையில் ஒரு மேஜைமேல் வைத்து, துணி போர்த்தி, பக்கத்தில் யாரும் டீ கிளாஸ் வைக்கக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தார். யாராவது ஒரு மாணவர் வந்து மாட்டுவதற்காக அந்தப் பெட்டி காத்துக் கிடந்தது. நான் போய் மாட்டினேன்.

"இந்த ரத்தக் குழாய் இருக்கே, இது குழாயே கிடையாது. சல்லடை," என்று சார் என் ஆராய்ச்சித் தலைப்பை ஆரம்பித்தார். சல்லடை வழியாகத் தண்ணீர் வெளியே போகப் பார்க்கும். ரத்தத்திலுள்ள புரதம் அதை விடாமல் உள்ளே இழுத்துப் பிடிக்கும். வெளியே, தோலுக்கும் சதைக்கும் இடையில் ஊறிக் கிடக்கிற ஈரத்திலும் கொஞ்சம் புரதம் உண்டு. அது தன் பக்கம் இழுக்கும். இந்த இழுபறி ஒழுங்காக நடக்கிறவரை பிள்ளை தெருவில் ஓடும், மரத்தில் ஏறும், வீட்டில் அடி வாங்கும். டெங்கு மாதிரி ஒன்று வந்து சல்லடைக் கண்ணைப் பெரிதாக்கிவிட்டால் தண்ணீர் வெளியே கசிந்துவிடும். வயிறு உப்பும், ரத்தம் கெட்டியாகும், பிரஷர் விழும். நாம் சலைன் ஏற்றுவோம். கொஞ்சம் கூடிப்போனால் அது நெஞ்சில் போய்த் தேங்கும்.

"ரத்தத்துப் பக்கம் எவ்வளவு இழுவைன்னு எல்லா புஸ்தகத்துலயும் இருக்கு. தோலுக்கடியில எவ்வளவு? அதுவும் நம்ம ஊர்ப் பிள்ளைக்கு? நோயாளிய அளக்கணும்னா நல்லா இருக்குறவன் அளவு தெரிய வேண்டாமா?"

நியாயமான கேள்விதான். சிக்கல் என்னவென்றால், ஆஸ்பத்திரியில் எல்லாம் கிடைக்கும், நல்லா இருக்குற பிள்ளை மட்டும் கிடைக்காது. அதற்கும் சார் வழி வைத்திருந்தார். குடலிறக்கம், சுன்னத், ஒட்டின விரல் என்று சின்ன ஆபரேஷனுக்கு வருகிற பிள்ளைகள் மற்றபடி ஆரோக்கியமானவர்கள்தானே. எப்படியும் மயக்கம் கொடுக்கப் போகிறோம். தூங்கும்போது சலைனில் நனைத்த நூலை ஊசியால் கெண்டைக்காலில் தோலுக்கடியில் கோத்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் விட்டு வைத்தால், விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல அது அங்கிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு உருவி எடுத்து, ரத்தக்கறை பட்ட முனைகளை வெட்டிப் போட்டுவிட்டு, நடுத்துண்டைச் சுழற்றிப் பிழிந்தால் ஒரு சின்னச் சொட்டு வரும். அந்தச் சொட்டைத்தான் பெட்டி அளக்கும்.

நெறிமுறைக் குழு என்று ஒன்று கூடியது. அதில் ஒரு வக்கீல் இருந்தார், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். வக்கீல், "பிள்ளைக்கு வலிக்குமா?" என்று கேட்டார். தூக்கத்தில்தான் போடுவோம், தூக்கத்திலோ மரத்திருக்கும்போதோதான் எடுப்போம் என்று எழுதிக் கொடுத்தேன். தலைமையாசிரியர் என் சம்மதத் தாளில் இருந்த சந்திப் பிழைகளை எல்லாம் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தார். 'திரி' என்ற சொல்லை அவர்தான் போட்டார். அது பின்னால் என்ன பாடு படுத்தும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"பிள்ளைங்களுக்குப் போடறதுக்கு முன்னாடி உங்க கால்ல போட்டுப் பாருங்க டாக்டர்," என்றார் சார். மரத்துப்போக ஊசி போட்டு, எங்கள் சர்ஜன் என் கெண்டைக்காலில் நூலைக் கோத்தார். அந்த சர்ஜனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேகம்தான் அவர் பெருமை. அவர் குடலிறக்க ஆபரேஷன் செய்தால் நாங்கள் பிள்ளையைத் தூங்க வைக்கிற நேரத்தைவிட அவர் வெட்டித் தைக்கிற நேரம் குறைவாக இருக்கும். குமுளியிலிருந்து வருகிற நர்ஸ் சேச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாரமில்ல டாக்டரே, ஒண்ணும் ஆகாது, கொசு கடிச்ச மாதிரிதான்," என்றார். எந்தக் காட்டுக் கொசுவோ, தெரியவில்லை.

நூலின் ரெண்டு முனையும் வெளியே தெரிய, மேலே பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வேலை பார்த்தேன். மதியம் என் கணவர் சாப்பாடு கொண்டுவந்தார். பிளாஸ்திரி அதற்குள் பிரிந்திருந்தது. படியில் எனக்குப் பின்னால் ஏறி வந்தவர், "இந்தா, சுடிதார்ல நூல் பிரிஞ்சு தொங்குது பாரு," என்று குனிந்து ஒரு இழுப்பு இழுத்தார். ஊசியின் மரப்பும் அதற்குள் போயிருந்தது. நான் போட்ட சத்தத்தில் வெளிநோயாளிகள் வரிசையே திரும்பிப் பார்த்தது. கையில் ரத்தம் தோய்ந்த நூலோடு அவர் நின்ற கோலத்தைப் பார்த்த வாட்ச்மேன், புருசன் பெண்டாட்டியை அடித்துவிட்டான் என்று நினைத்து மேலே ஓடி வந்தார். மறுநாள் இன்னொரு காலில் மறுபடி கோத்தோம். இந்தத் தடவை நான் ஒழுங்காக உட்கார்ந்தே இருந்தேன். சொட்டு வந்தது, பெட்டி ஒரு எண்ணைக் காட்டியது. பெரியவர்களுக்கு வெளிநாட்டுக் கட்டுரைகளில் இருக்கிற எண்ணுக்குப் பக்கத்தில், கொஞ்சம் கீழே இருந்தது. சார் பெட்டியைத் தட்டிக்கொடுத்தார். என்னைப் பார்த்து, "கொஞ்சம் நல்லாச் சாப்பிடுங்க," என்றார்.

அடுத்து, பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் கேட்க வேண்டும். அங்கேதான் என் படிப்பெல்லாம் காற்றில் போனது. "திரி வைக்கிறதா? வெடிக்கா?" என்று ஒருவர் கேட்டார். "ஒங்களுக்குப் பிள்ள இருக்கா? இல்லியா, அதான்," என்று ஒரு அம்மா அதோடு பேச்சை முடித்துக்கொண்டார். எல்லோரும் கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான். "நல்லா இருக்குற பிள்ளைக்கு எதுக்கு?" அளவு தெரிந்துகொள்ள என்பேன். "அதான் நல்லா இருக்கானே, அதுக்கு மேல என்னா அளவு?" என்பார்கள். யோசித்தால் அவர்கள் பக்கமும் தப்பில்லை.

மயிலாடும்பாறையிலிருந்து ஒரு அம்மா மகனைக் குடலிறக்கத்துக்குக் கூட்டி வந்திருந்தார். திரி என்றால்தானே வம்பு என்று, "கால்ல ஒரு நூல் போடுவோம்," என்று ஆரம்பித்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "தாராளமாப் போடுங்கம்மா. அவன் ராத்திரியில பயந்து பயந்து முழிக்கிறான். எந்தக் கோயில்ல மந்திரிச்சது?"

பக்கத்தில் நின்ற சேச்சி என் காலை மிதித்தார். பேசாமல் கையெழுத்தை வாங்கு என்று அர்த்தம். ஒரு கணம் வாங்கிவிடலாமா என்று எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த அம்மா நம்பிக்கையோடு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்து முழுதாக விளக்கினேன். மந்திரிச்ச நூல் இல்லை, உள்ளே கோக்கிற நூல், பிறகு எடுத்துவிடுவோம், இதனால் உங்கள் பையனுக்கு லாபம் ஒன்றும் கிடையாது. கேட்டு முடித்ததும், "மந்திரிச்சதுன்னா போடுங்க. சும்மா நூலுன்னா வேணாம்," என்றார். அவ்வளவுதான்.

முதல் சம்மதம் உத்தமபாளையத்திலிருந்து வந்தது. சுன்னத்துக்கு வந்த ரெண்டு பையன்கள், அண்ணன் தம்பி. கூட வந்த தாய்மாமன் ஏலக்காய் வியாபாரி. நெறிமுறைக் குழுவில் யாரும் கேட்காத கேள்வியெல்லாம் கேட்டார். நூல் எந்த ஊர் நூல், சீழ் பிடித்தால் யார் பார்ப்பது, எடுத்த தண்ணீரை வெளியே விற்பீர்களா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். தாடியைத் தடவிக்கொண்டே பேரத்துக்கு வந்தார். "ரெண்டு பயலுக்கும் சேத்து ஒத்தத் திரியாப் போட்டுக்கிட்டா ஆகாதா?"

"ஆகாதுங்க பாய். அவங்கவங்க தண்ணி அவங்கவங்களுக்கு."

"அப்ப பெரியவனுக்குப் போடுங்க. சின்னவனுக்கு வேணாம். எங்க அக்கா என்னையத் தொலச்சிரும்."

பெரியவனுக்குப் போட்டோம். சர்ஜன் வழக்கம்போல நாங்கள் நூலைக் கோத்து நிமிர்வதற்குள் தன் வேலையை முடித்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார். "சார், திரி இன்னும் ஊறல. கொஞ்சம் மெதுவாப் பண்ணியிருக்கலாம்," என்றேன். அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. "மெதுவாவா? நானா?" என்று, சாதியைக் கேட்டுவிட்ட மாதிரி பார்த்தார். நல்லவேளை, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகிற ஊசியைப் போட்டிருந்தோம். பையன் முழித்து ஐஸ்கிரீம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அவனுக்குத் தெரியாமல் நூலை உருவி எடுத்தேன். இப்படியே மெல்ல மெல்ல ஒரு சில பிள்ளைகள் சேர்ந்தார்கள்.

அப்போதுதான் காமயகவுண்டன்பட்டியிலிருந்து அந்தப் பெண் வந்தாள். ரெண்டாம் வகுப்புப் படிக்கிறாள். வலது கட்டைவிரல் ரெண்டாகக் கிளைத்திருந்தது. அதைச் சரி செய்வது சர்ஜனாலும் அவசரப்பட முடியாத வேலை. மூட்டைச் சேர்க்க வேண்டும், தசைநாரை இழுத்துத் தைக்க வேண்டும். சாருக்கு விஷயம் தெரிந்ததும், "நம்ம கேஸ்!" என்றார். பிள்ளை தூங்குகிற நேரத்துக்குள்ளேயே திரி போட்டு, ஊறவிட்டு, எடுத்தும்விடலாம்.

அவளுடைய அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். விரலை எடுப்பதிலேயே அவருக்கு இஷ்டமில்லை. "இவ பெறந்து, அந்த வெரலப் பாத்த பெறகுதான் தோட்டத்துல காய் பிடிச்சுச்சு. வெரலயும் எடுக்கணும்ங்கறாக, கால்ல திரியும் வைக்கணும்ங்கறாக. என்னா நியாயம் இது?"

அம்மா வெடுக்கென்று திரும்பினார். "ஒங்க தோட்டம் காய்க்கணும்னு எம்மக பென்சில் பிடிக்க முடியாமக் கெடக்கணுமாக்கும்? வெரல எடுக்கத்தான் போறோம். ஆனா டாக்டரம்மா, திரி மட்டும் வேணாம்."

விரலில் சண்டை, திரியில் ஒற்றுமை. சரி, இதுவும் போச்சு என்று எழுந்தேன். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த பெண் என் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"அந்தத் திரிய எங்கன வைப்பீக?"

"கெண்டைக்கால்ல. நீ தூங்கும்போது. முழிக்கிறதுக்குள்ள எடுத்துருவோம்."

"எதுக்கு?"

"உன் தோலுக்கடியில இருக்குற தண்ணி எப்படி இருக்குன்னு பாக்க."

"எடுத்துட்டா எனக்குக் கொறஞ்சிராதா?"

"ஒரு சொட்டுதான். கொசு குடிக்கிற அளவு."

யோசித்தாள். "எடுத்து எனக்குக் காட்டுவீகளா?"

"காட்டுறேன்."

"அப்ப வைங்க," என்றாள். அப்பாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஏ ஆத்தா, யோசிச்சுத்தான் சொல்றியா?" என்றார் அப்பா. "எந்தண்ணியப் பாக்கணும்," என்றாள். அரை மணி நேரம் மூவரும் தங்களுக்குள் பேசி முடித்த பிறகு, அப்பா வந்து கையெழுத்துப் போட்டார். தூங்கும்போது மட்டும்தானே என்று அவர் மறுபடி கேட்டதும், தூங்கும்போது மட்டும்தான் என்று நான் சொன்னதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஆபரேஷன் அன்று எல்லாம் அம்சமாக நடந்தது. சர்ஜன் வாழ்க்கையில் முதல் தடவையாக நிதானமாக வேலை செய்தார். திரி நன்றாக ஊறியது. உருவி எடுத்தபோது நடுத்துண்டு ரத்தக்கறை படாமல் தெளிவாக இருந்தது. காய்ந்துவிடாமல் இருக்க எண்ணெய்க்குள் போட்டு மூடி, சுழற்றி எடுத்தேன். அதுவரை கிடைத்ததிலேயே நல்ல சொட்டு. பெட்டியில் வைப்பது என் வேலைதான். ஆனால் சாருக்குப் பொறுமை இல்லை. "நான் வைக்கிறேன், தள்ளுங்க," என்று குழலை வாங்கினார். பெட்டிக்குள் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. வெங்காயத் தோலைவிட மெல்லிசு. சாரின் கை அதில் இடித்தது. சவ்வு கிழிந்தது. சொட்டு உள்ளே எங்கேயோ போனது. சார் பெட்டியையே பார்த்தார். நான் சாரைப் பார்த்தேன். 

சாயங்காலம் வார்டுக்குப் போனோம். பெண் கட்டுப்போட்ட கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு தெளிவாக உட்கார்ந்திருந்தாள். முதல் கேள்வியே, "எங்க எந்தண்ணி?"

"கொட்டிப் போச்சுடா," என்றேன். வேறென்ன சொல்ல?

"யாரு கொட்டுனா?"

 என் கண் போன பக்கம் அவள் கண்ணும் போனது. சார் தொண்டையைச் செருமினார். "மெஷின்ல கொட்டிருச்சும்மா."

"மெஷினுக்குக் கையா இருக்கு?"

அவள் அப்பா சிரித்துவிட்டார். சார் சிரிக்கவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து, தேன் மாதிரிக் குரலில் ஆரம்பித்தார். "ஸ்பேர் சவ்வு ஒண்ணே ஒண்ணு இருக்கு. மாட்டிட்டேன். நாளைக்குக் காலையில மரத்துப்போற ஊசி போட்டுட்டு, இன்னொரு திரி வச்சு எடுத்துட்டா..."

முதலில் அத்தனை தயங்கிய அப்பா, "வைங்க சார். இம்புட்டு ஆயிப்போச்சு, இது ஒண்ணுதானா," என்றார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த நிம்மதியில் அன்றைக்கு நாங்கள் எதைக் கேட்டாலும் கொடுத்திருப்பார். அம்மாவும் சரி என்பதுபோல் தலையாட்டினார். பெண் போர்வைக்கு வெளியே காலை நீட்டினாள். "எனக்குப் பயமில்ல."

மாதக்கணக்காக ஒரு 'சரி'க்கு வார்டு வார்டாகக் கெஞ்சியவள் நான். ஒரே கட்டிலில் மூன்று 'சரி' கிடைக்கிறது. "வேண்டாம் சார்," என்றேன்.

சார் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப் போனார். "அப்பா சரிங்கறார், அம்மா சரிங்கறாங்க, பிள்ளை காலையே நீட்டுது. உங்களுக்கு என்ன?"

"தூக்கத்துல வலிக்காதுன்னு சொல்லித்தான் சார் கேட்டோம். இப்ப அவ முழிச்சிருக்கா. மரத்துப்போற ஊசியே வலிக்கும், எனக்குத் தெரியும். இதுல அவளுக்கு ஒரு பிரயோசனமும் இல்ல. கொட்டினது நாம."

'நாம' என்றதே நான் காட்டிய மரியாதை. அது அவருக்கும் புரிந்தது.

"ஒரு நல்ல கேஸ் போகுது."

"போகட்டும் சார்."

"ஆராய்ச்சில கையெழுத்துப் போட வேண்டியவன் நான்."

"தெரியும் சார்," என்றேன்.  கோபமா பயமா என்று கேட்டால், ரெண்டும்தான். அவர் விறுவிறுவென்று போய்விட்டார். நான் வராந்தாவிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். இன்னொரு தலைப்பு, இன்னொரு வருடம், எங்கள் அம்மாவிடம் என்ன சொல்வது, எல்லாம் வரிசையாக வந்து போனது.

பெண்ணுக்குக் கொடுத்த வாக்கு இருந்ததே. மயக்கத்தின்போது எடுத்த ரத்தம் ஒரு குழலில் சுழற்றி வைத்தபடி மிச்சம் இருந்தது. கொண்டுபோய் வெளிச்சத்தில் காட்டினேன். அடியில் சிவப்பு, மேலே வெளிர் மஞ்சள்.

"இந்த மஞ்சள்தான் உன் ரத்தத்துல இருக்குற தண்ணி. காலுக்குள்ள இருந்ததும் இதுக்குச் சொந்தம்தான்."

கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "எலுமிச்ச சர்பத்து மாரி இருக்கு," என்றாள். காலை நீட்டினதை வேண்டாம் என்றுவிட்டேனே என்று அவளுக்குக் கொஞ்சம் வருத்தம். ஊருக்குப் போகும்போது அவள் அப்பா ஒரு பை நிறையத் திராட்சை கொடுத்துவிட்டுப் போனார். அதிலிருந்து சாருக்கு ஒரு கிண்ணம் வைத்தேன். அவர் தொடவில்லை. சேச்சி தின்றார்.

அதன்பிறகு சார் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். ஆபரேஷன் தியேட்டரில் நான் பக்கத்தில் நின்றாலும், "சிஸ்டர், அந்த டாக்டர்கிட்ட ஆக்ஸிஜனக் கொஞ்சம் கூட்டச் சொல்லுங்க," என்பார். நான் கூட்டுவேன். சேச்சி என்னிடம் திரும்பி அதையே மறுபடி சொல்வார். நான், "கூட்டியாச்சுன்னு சார்கிட்ட சொல்லுங்க சேச்சி," என்பேன். "கல்யாணம் பண்ணவங்களே இப்படிச் சண்ட போட மாட்டாங்க," என்று சர்ஜன் முகமூடிக்குள் சிரிப்பார்.

இது எத்தனை நாள் ஓடியிருக்குமோ. சாரின் மகள் மதுரையிலிருந்து வந்தார். அவருடைய பையனுக்குக் குடலிறக்கம், எங்கள் சர்ஜனே செய்யட்டும் என்று முடிவு. சாருக்கு ஒரே உற்சாகம். என்னோடு நேரடியாகவே பேசிவிட்டார். "நம்ம வீட்டுப் பிள்ளைக்கே திரி போட்டுட்டோம்னா, அப்புறம் எவன் கேள்வி கேக்குறான்னு பாப்போம். நீங்க போய் விளக்கம் சொல்லிக் கையெழுத்து வாங்குங்க. நான் சொன்னா நல்லா இருக்காது."

விளக்கம் சொன்னேன். சார் கொஞ்சம் தள்ளி, ஜன்னல் பக்கம் பார்ப்பதுபோல நின்றார். மகள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"அப்பா, நல்லா இருக்குற பிள்ளைக்கு எதுக்குப்பா?"

சார் வந்து உட்கார்ந்தார். பேப்பரில் சல்லடை வரைந்தார். அம்புக்குறி போட்டார். டெங்குவைச் சொன்னார், வெளிநாட்டைச் சொன்னார். அவர் அத்தனை அழகாக எங்களுக்கு ஒரு நாளும் பாடம் எடுத்ததில்லை. மகள் கடைசிவரை கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிப்பா. வேணாம்," என்றார்.

சார் என்னைப் பார்த்தார். நீயாவது ஒரு வார்த்தை சொல்லேன் என்பது போலப் பார்த்தார். எனக்குள் பொங்கி வந்த சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன். "மேடம் வேணாம்னா வேணாம்தான் சார்," என்றேன்.

பேரனுக்கு ஆபரேஷன் வழக்கமான வேகத்தில் முடிந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த சார், பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று யாராவது வந்து சொல்லும்வரை எழுந்து நடப்பதும் உட்காருவதுமாக இருந்தார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை. நான் போய்ச் சொன்னேன். தலையாட்டினார். நான் திரும்பும்போது கூப்பிட்டார்.

"அந்தக் காமயகவுண்டன்பட்டிப் பிள்ளை விசயத்துல..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். வாயைத் துடைத்துக்கொண்டார். "புது சவ்வு ரெண்டு ஆர்டர் போட்டிருக்கேன். இனிமே சொட்டை நீங்களே வைங்க."

எங்கள் துறையில் இதைவிடப் பெரிய மன்னிப்பு கிடையாது. வாங்கிக்கொண்டேன்.

நினைத்ததைவிடக் குறைவான பிள்ளைகள்தான் கடைசியில் சேர்ந்தார்கள். சார் கையெழுத்துப் போட்டார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் என் ஆராய்ச்சியைப் புரட்டிப் பார்த்து, "எல்லாம் நல்லா இருக்கு. இதனால என்ன பிரயோஜனம்?" என்றார். நல்லா இருக்குறது எப்படி இருக்கும் என்று ஓரளவு தெரியும் சார், என்றேன். அவர் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் மீன் குழம்பு ஆறிவிடும் என்று யாரோ சொல்லவும் எழுந்துவிட்டார். தேறிவிட்டேன்.

அந்த வருடம் மழை விட்டதும் டெங்கு வந்தது. சின்னமனூர்ப் பக்கமிருந்து ஒரு பையனைத் தூக்கி வந்தார்கள்; பிரஷர் விழுந்த கேஸ் என்றால் எங்கள் துறையைத்தான் கூப்பிடுவார்கள். கை கால் சில்லிட்டு, வயிறு உப்பி, கண்ணிமை வீங்கி இருந்தது. சல்லடை திறந்துவிட்டது என்று பார்த்ததுமே தெரிந்தது. சாரும் நானும் கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் நின்று சலைன் அளவுக்குச் சண்டை போட்டோம். கூட்டு என்றார் அவர், கொஞ்சம் பொறுங்கள் என்றேன் நான். அடுத்த தடவை நான் கூட்டுவோம் என்றேன், அவர் பொறு என்றார். என் ஆராய்ச்சியின் எண்தான் அந்தப் பையனைக் காப்பாற்றியது என்று சொன்னால் அது வடிகட்டின பொய். தண்ணீர் எந்தப் பக்கம் போயிருக்கும், எப்போது திரும்பி வரும் என்று சண்டை போட ஒரு பிடி கிடைத்தது, அவ்வளவுதான். டெங்குவில் பிள்ளை பிழைக்குமா என்பதை எந்தப் பெட்டியையும்விடச் சீக்கிரம் சொல்வது மூத்திரம்தான். வெளியே கசிந்த தண்ணீர் ரத்தத்துக்குத் திரும்பினால் அது வரும். முந்தின நாளிலிருந்து அவன் சொட்டுக்கூடப் போகவில்லை.

மறுநாள் காலை நாங்கள் ரவுண்ட்ஸில் இருந்தோம். வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து பையனின் அப்பா, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உயரத் தூக்கிப் பிடித்தபடி ஓடி வந்தார். "சார்! டாக்டரம்மா! போயிட்டான்! என் பிள்ள ஒண்ணுக்குப் போயிட்டான்!" வார்டே எழுந்து நின்று பார்த்தது. அவர் அதை ஜல்லிக்கட்டில் ஜெயித்த அண்டா மாதிரி எங்கள் முன்னால் நீட்டினார். மூடி சரியாக மூடவில்லை. சாரின் சட்டைக் கையில் தெறித்தது.

சார் துடைத்துக்கொள்ளவில்லை. பாட்டிலை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, அளவுக் கோட்டைப் பார்த்தார். "நல்லாப் போயிருக்கான்யா," என்று அந்த அப்பாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். என்னிடம் திரும்பி, "சலைனைக் குறைங்க டாக்டர்," என்றார்.

குறைத்தேன்.